திருகோணமலை டொக்யார்ட்டுக்குள்ளை இருக்கிற ஹூட்ஸ் டவர் கடற்படை மியூசியம்: அப்பாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு போகலாமோ?

தொரன்ரோ_வதனி

எல்லாருக்கும் வணக்கம். ஓகஸ்ட்டிலை குடும்பமா ஊருக்கு வாறம். அப்பாவுக்கு 86 வயசு. வெள்ளைக்காரன் இருந்த காலத்திலை டொக்யார்ட்டுப் பட்டறையிலை பயிற்சிப் பெடியனாச் சேர்ந்தவர். 1957 ஒக்ரோபரிலை பிரிட்டிஷ் கடற்படை தளத்தைக் குடுத்திட்டுப் போனதோடை அந்த வேலையும் போட்டுது. பிறகு கொழும்பு, பிறகு கனடா. "ஒஸ்டன்பேர்க் மேட்டிலை ஏறி உள்துறைமுகத்தை ஒருக்காப் பாக்கவேணும்" எண்டு இப்ப ஒரே ஆசைப்படுறார். அந்த மேட்டிலை இருக்கிற ஒஸ்டன்பேர்க் கோட்டையிலைதான் இந்த மியூசியம் இருக்குதெண்டு அறிஞ்சன்.

மகனுக்கு 15 வயசு, சண்டைக் கப்பல் எண்டால் சாப்பாடும் வேண்டாம். எனக்குத்தான் மனம் ஒரு நிலையிலை இல்லை. அது இண்டைக்கும் கடற்படைத் தளம். உள்ளுக்குப் போறது சரியோ, போனால் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் குடுப்பன் எண்டு தெரியேல்லை. போய் வந்த ஆக்கள் ஆரும் இருந்தால் எழுதுங்கோ. வயசான ஆள் ஏறக்கூடிய இடமோ எண்டும் சொல்லுங்கோ.

உவர்மலைவாசி

வதனி அக்கா, நான் ஊரிலைதான் இருக்கிறன், மியூசியம் பாத்திருக்கிறன். நாங்கள் போன நேரம் டொக்யார்ட் கேற்றிலை அடையாள அட்டையைக் காட்டிப் பதிஞ்சுபோட்டுத்தான் விட்டவை. எங்களோடை வந்த வெளிநாட்டு ஆக்களிட்டைப் பாஸ்போட் கேட்டவை. நினைச்ச இடத்திலை இறங்கி நடக்கேலாது, கடற்படைப் பெடியன் ஒராள் கூடவே வருவார். மேட்டடி வரைக்கும் வாகனம் போகும். அதுக்குப் பிறகு கொஞ்சம் ஏற்றமும் படியும் இருக்குது. அப்பாவுக்கு ஒரு கைத்தடியும் கைபிடிக்க ஒராளும் இருந்தால் சமாளிக்கலாம், ஆனால் வெயில் ஏறமுந்திப் போங்கோ. கதிரையிலை இருத்தித் தள்ளிக்கொண்டு போற இடம் இல்லை. விதிமுறை மாறிக்கொண்டிருக்கும், வாறதுக்கு முந்தின நாள் கேற்றிலை போய்க் கேட்டு வைக்கிறன்.

இனி உள்ளடக்கம். பீரங்கி, வெடிமருந்து வைச்ச நிலக்கீழ் அறையள், டச்சுக்காரன் கட்டின மதில், போர்க்காலத்து ஆயுதங்கள், புலிகளிட்டை இருந்து பிடிச்ச படகுகள் எல்லாம் இருக்குது. அதை விட அந்த இடந்தான் முக்கியம். ஒஸ்டன்பேர்க் நிக்கிறது உள்துறைமுகத்தின்ரை வாயிலை. வடிவா நிண்டு பாருங்கோ: ஒரு பக்கம் கொட்டியாரக் குடா விரிஞ்சு கிடக்கும், மகாவலி வந்து விழுற பக்கம் அது. மற்றப் பக்கம் மலையளுக்கு நடுவிலை பூட்டி வைச்ச மாதிரி உள்துறைமுகம். இடையிலை ஒடுங்கின வாய். அந்த வாயைக் காக்கிறவனிட்டைத்தான் துறைமுகம். 1620களிலை போத்துக்கீசன் கோணேசர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லாலை பிரட்றிக் கோட்டையைக் கட்டினது எங்களுக்கு எல்லாம் தெரியும். ஆனால் கப்பல்காரனுக்கு உயிர்நிலை ஒஸ்டன்பேர்க்தான்.

மியூசியத்தின்ரை பெயர் சேர் சாமுவேல் ஹூட் எண்ட வைஸ் அட்மிரலின்ரை. கிழக்கிந்தியக் கடற்படைத் தளபதியா இருந்து 1814 டிசம்பரிலை சென்னையிலை செத்த மனுசன்.

நாகை_கரையோரம்

வணக்கம். நான் நாகப்பட்டினத்துக்காரன். கடல் வரலாறு படிப்பது என் ஆசை. உவர்மலை நண்பர் சொன்ன "வாய்" பற்றி எங்க கரையிலிருந்து பார்த்த கதையைச் சொல்றேன். உங்க பையனுக்கு இதைச் சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க சகோதரி, அந்தக் கோட்டை அவனுக்கு வேற மாதிரி தெரியும்.

சோழமண்டலக் கரை முழுக்கத் திறந்த கரை. சென்னை, புதுச்சேரி, கடலூர், நாகை எதிலும் பெரிய போர்க்கப்பல் புயலுக்கு ஒதுங்க இடம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும், மசூலாப் படகில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வரும். சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கட்ட ஆரம்பிச்சாங்க. ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவக்காற்று அடிக்க ஆரம்பிச்சா அங்கே நிற்கிற கப்பற்படை கிளம்பியாகணும். எங்கே போகும்? வங்கக்கடலின் இந்தப் பக்கத்தில் எந்தக் காற்றிலும் நிற்கக்கூடிய ஆழமான துறைமுகம் திருகோணமலைதான். அது கையில் இல்லாதவன் இந்தியாவைச் சுற்றி பம்பாய் வரைக்கும் ஓடணும். திரும்பி வர மாசக்கணக்காகும், அதுவரை கரை முழுக்க எதிராளி வசம்.

1782இல் நடந்தது முழுக்க இந்த ஒரு காரணத்தால்தான். அந்த வருஷம் ஜனவரியில் ஆங்கிலேய அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ் ஒஸ்டன்பேர்க்கை டச்சுக்காரங்ககிட்டேருந்து பறிச்சார். பிரெஞ்சுத் தளபதி சஃப்ரான் அப்போ ஹைதர் அலிக்குத் துணையா இந்தக் கடலுக்கு வந்திருந்தார். பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரை, ஜூலை 6இல் எங்க நாகப்பட்டினம்னு ரெண்டு பேரும் மோதிக்கிட்டே இருந்தாங்க. அந்த ஜூலையிலேயே கடலூர்ப் பக்கம் ஹைதர் அலி நேரில் வந்து சஃப்ரானைப் பார்த்தார். ஆகஸ்ட் கடைசியில் சஃப்ரான் திருகோணமலையில் படையை இறக்கி ரெண்டு கோட்டையையும் பிடிச்சுட்டார். ஹியூஸ் வந்து சேர்ந்தது செப்டம்பர் 2. கோட்டை மேல பிரெஞ்சுக் கொடி பறந்தது. மறுநாள் வெளியே கடலில் பெரிய சண்டை. ரெண்டு பக்கமும் கப்பல்கள் நொறுங்கின, ஆனா துறைமுகம் பிரெஞ்சுக்காரர்கிட்டதான் இருந்தது. அக்டோபரில் சென்னையில் புயல் அடிச்சது, ஹியூஸ் பம்பாய்க்குப் போக வேண்டியதாச்சு. ரெண்டு மூணு நாள் தாமதம், அதுக்கு அவர் கொடுத்த விலை அவ்வளவு.

அடுத்த வருஷம் ஜூனில் கடலூருக்கு வெளியே கடைசிச் சண்டை. சமாதானம் வந்து துறைமுகம் மறுபடி டச்சுக்காரர் கைக்குப் போனது. 1795இல் ஆங்கிலேயர் திரும்பப் பிடிச்சாங்க, பிறகு 1957 வரை விடலை. இத்தனை சண்டையும் எங்க மீனவர் வலை போட்ட கடலில்தான் நடந்தது. ஆனா நாகையில் யாரைக் கேட்டாலும் இது தெரியாது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கன்னியா

எல்லாரும் அட்மிரல்மாரைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

2015 நவம்பரில் ஐ.நா.வின் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய செயற்குழு இலங்கைக்கு வந்தது. இந்தத் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள்ளேயே இரகசியத் தடுப்பு இடம் ஒன்றைப் பார்த்ததாக அது பகிரங்கமாக அறிவித்தது. 2008, 2009இல் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் கடத்தப்பட்ட 11 இளைஞர்களின் வழக்கிலும் இந்தத் தளத்தின் பெயர் வருகிறது. அவர்களின் பெற்றோர் இன்னும் நீதிமன்ற வாசலில் நிற்கிறார்கள். அந்த வேலிக்குள் பதிந்து, ஒரு சிப்பாய் வழிகாட்ட, பீரங்கியைப் பார்த்து வர எனக்குக் கால் எழும்பாது. போகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதுவும் அந்த இடத்தின் வரலாறுதான். அங்கே அதற்கு ஒரு பலகை வைக்க மாட்டார்கள். ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

தொரன்ரோ_வதனி

கன்னியா, எழுதினதுக்கு நன்றி. என்ரை மனதிலை கிடந்து உறுத்தினதும் இதுதான். அப்பாவிட்டை வாசிச்சுக் காட்டினன். கன நேரம் பேசேல்லை. பிறகு, "அந்தப் பெடியளின்ரை தாய்மாரை நினைச்சுக்கொண்டுதான் போவன், ஆனால் நான் வேலை செய்த இடம் எனக்கும் சொந்தம்" எண்டார்.

உவர்மலைவாசி

கன்னியா சொன்னதிலை ஒரு எழுத்தும் பிழை இல்லை. நானும் போகமுந்தி யோசிச்சனான்.

மியூசியத்திலை வைச்சிருக்கிற புலிகளின்ரை படகுகளைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். அங்கை அது வென்றவனின்ரை காட்சிப்பொருள். கூட வாற பெடியன் விளக்கம் சொல்லேக்கை அப்பிடித்தான் சொல்லுவார். அவருக்குச் சொல்லிக் குடுத்தது அது. 1995 ஏப்ரல் 19இல் இந்தத் துறைமுகத்துக்குள்ளை வைச்சுத்தான் சூரயா, ரணசுரு எண்ட ரெண்டு கடற்படைக் கப்பலைப் புலிகள் தாட்டவை. அதோடை சமாதானப் பேச்சும் முறிஞ்சது, நாடு திரும்பவும் போருக்குள்ளை போச்சுது. ரெண்டு பக்கத்திலையும் செத்தது 20, 22 வயசுப் பெடியள். மகன் கேட்டால் இதை முழுசாச் சொல்லுங்கோ அக்கா. அரைவாசியை மறைச்சால் பிறகு இணையத்திலை அரைவாசியைத்தான் வாசிப்பான்.

எங்களோடை வந்த கடற்படைப் பெடியன் அநுராதபுரத்துக்காரன். தமிழ் ஒரு நாலு சொல்லுத் தெரியும். என்ரை அம்மா படியிலை தடுமாற ஓடிவந்து கையைப் பிடிச்சு, "அம்மா, மெதுவா" எண்டான். அதையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

பாலமீன்மடு

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். பையன் கனடாவில் வளருகிறவன் என்றபடியால் ஒரு கனேடியர் கதையிலிருந்து தொடங்கலாம்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. பிரிட்டிஷ் கீழைக் கடற்படைக்கு மிஞ்சியது இலங்கைதான். ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து பறந்த ஒரு கட்டலீனா விமானம் ஜப்பானிய விமானந்தாங்கிகள் வருவதைக் கண்டது. அதன் தலைவர் லெனார்ட் பேர்ச்சால், ஒன்ராறியோவில் பிறந்தவர். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு விழுத்தினார்கள். பிடிபட்டு, போர் முடியும்வரை ஜப்பானியச் சிறையில் இருந்து, உயிரோடு ஊர் திரும்பினார். அடுத்த நாள் கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9 காலையில் திருகோணமலை.

தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்ததால் முதல்நாள் இரவே கப்பல்களைத் துறைமுகத்தை விட்டுத் தெற்கே அனுப்பினார்கள். அவற்றில் ஒன்று ஹெர்மிஸ். விமானந்தாங்கியாகவே வரைபடம் போட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. அன்றைக்கு அதில் ஒரு விமானமும் இல்லை, எல்லாம் கரையில் நின்றன. திரும்பித் திருகோணமலைக்கு வரும் வழியில் மட்டக்களப்புக்கு நேரே ஜப்பானிய விமானங்கள் கண்டுவிட்டன. ஹெர்மிஸும் அதற்குக் காவலாக வந்த அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் அங்கேயே தாண்டன. ஹெர்மிஸில் மட்டும் 300 பேருக்கு மேல் போனார்கள். பக்கத்தால் வந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏறக்குறைய 600 பேரை அள்ளி எடுத்தது.

அந்தக் கப்பல் இன்றும் எங்கள் கடலில் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. சாதாரணச் சுழியோடிகளுக்கு எட்டாத ஆழம். எங்கள் மீனவருக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும், நல்ல மீன் நிற்கிற பார் அது. ஒஸ்டன்பேர்க் மேட்டில் நின்று தெற்கே பார்க்கும்போது மகனுக்கு இதைச் சொல்லுங்கள், ஹெர்மிஸ் கடைசியாக வெளியேறியது அந்த வாயால்தான்.

மூதூர்க்கரை

அஸ்ஸலாமு அலைக்கும். மேட்டில் இருந்து பார்த்தால் எதிரே தெரியிறது எங்கட ஊர்ப் பக்கம். 1660இல் ஆன் என்ட கப்பல் கொட்டியாரத்தில் ஒதுங்கின நேரத்தில்தான் ரொபர்ட் நொக்ஸ் என்ட ஆங்கிலேய மாலுமியும் அவர்ர வாப்பாவும் கண்டி ராஜாட ஆக்கள்ட்ட பிடிபட்டவங்க. வாப்பா கண்டி ராச்சியத்திலேயே மௌத்தாகிட்டார். மகன் தப்பிப் போக 19 வருசத்துக்கும் மேல எடுத்தது.

உவர்மலை நண்பரே, சீனன்குடா எண்ணெய்க் குதங்களைச் சொல்லாமல் விட்டுட்டீங்களே. ஏறக்குறைய 100 தாங்கி, கடற்படைக்கு எண்ணெய் வைக்க வெள்ளைக்காரன் கட்டினது. ஏப்ரல் 9 அன்டைக்கு ஒன்டு எரிஞ்சு போச்சு, உருகிச் சுருண்ட இரும்பு இன்னும் காட்டுக்குள்ள கிடக்குது. அதே நாள் குண்டு பட்டு எரிஞ்ச சகாயிங் என்ட கப்பலை 2018இல் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் அடியிலிருந்து மிதக்க வைச்சாங்க. 75 வருசம் தண்ணிக்குள்ள கிடந்த கப்பல். அது பெரிய வேலைதான், பாராட்டத்தான் வேணும்.

வல்வையான்

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலேயன், பிரெஞ்சுக்காரன், டச்சுக்காரன், ஜப்பான்காரன் எல்லாரும் வந்துவிட்டார்கள். இந்தக் கடலில் பரம்பரையாகக் கப்பல் ஓட்டினவர்கள் எங்கே?

வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டின அன்னபூரணி பற்றிப் புதிய தலைமுறைக்குத் தெரிய வேண்டும். வேம்பிலே கட்டின, இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல். வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி அதை வாங்கினார். எங்களூர் ஆக்களே அதைச் செலுத்திக்கொண்டு செங்கடல், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் எல்லாம் கடந்து 1938இல் மசாசுசெட்ஸ் மாநிலத்து குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இயந்திரம் பழகின காலத்தில், பாயை நம்பி. ஓட்டினவர்களில் யாரும் அட்மிரல் இல்லை. இப்படியான ஆக்களுக்கு எந்த மியூசியத்தில் இடம் இருக்கிறது? உவர்மலை, அங்கே ஏதாவது கண்டீர்களா?

உவர்மலைவாசி

இல்லை அண்ணை, நான் காணேல்லை. நான் பாத்தது கோட்டை, பீரங்கி, படைக்கலம்தான்.

ஆனால் ஒண்டு யோசியுங்கோ. வதனி அக்காவின்ரை அப்பாவைப் போல எத்தினை பேர் அந்தப் பட்டறையளிலை வேலை செய்தவை! ரிவெற் அடிச்சவை, கொதிகலன் துப்புரவாக்கினவை, கரி சுமந்தவை, பாய் தைச்சவை. தமிழ், முஸ்லிம், சிங்களம், மலையாளம் எண்டு எல்லாரும். ஒரு கடற்படைத் தளம் 160 வருசம் ஓடினது அவையின்ரை கையாலை. ஊரிலை அந்தத் தலைமுறையிலை மிஞ்சியிருக்கிறது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆக்கள். அக்கா, அப்பா கதைக்கிறதை எல்லாம் இப்பவே ரெக்கோட் பண்ணி வையுங்கோ. மேட்டிலை நிண்டு கையைக் காட்டிச் சொல்லேக்கையும் எழுதி வையுங்கோ, எந்தப் பட்டறை எங்கை நிண்டதெண்டு. அங்கை வீடியோ எடுக்க விடுவினமோ தெரியாது, எண்டபடியால் மகனிட்டை ஒரு கொப்பியும் பென்சிலும் குடுத்து விடுங்கோ. தளத்துக்குள்ளை கண்டபாட்டுக்குப் படம் எடுத்தால் பிரச்சினை வரும், முதலே கேளுங்கோ.

தொரன்ரோ_வதனி

நேற்று இரவு இதைச் சொல்லி அப்பாவை இருத்திக் கேட்டன். மகன்தான் போனிலை பதிஞ்சவன்.

முதல் சொன்னது மிதக்கிற உலர்துறைக் கதை, திருத்திறதுக்குக் கப்பலைத் தண்ணிக்கு மேலை தூக்கி வைக்கிற துறை அது. 1944 ஓகஸ்ட் 8இல், வலியன்ற் எண்ட பெரிய போர்க்கப்பல் உள்ளுக்கு ஏறி நிக்கேக்கையே அது முறிஞ்சு தாண்டது. அப்பா அப்ப சின்னப் பிள்ளை, பாக்கேல்லை. ஆனால் அவர் சேர்ந்த நேரத்திலையும் பட்டறையிலை மூத்த ஆக்கள் அதைத்தான் கதைப்பினமாம். அவ்வளவு பாரத்தை ஏத்தேக்கை எந்தத் தொட்டியிலை முதல் தண்ணி இறைக்கவேணும், எதைப் பிந்தி இறைக்கவேணும் எண்டு ஒரு ஒழுங்கு இருக்குதாம். அது குழம்பினால் நடு முதுகு முறியும் எண்டு, மேசையிலை ரெண்டு தீப்பெட்டியை வைச்சு மகனுக்குக் காட்டினார். மகன் வாயைப் பிளந்துகொண்டு இருந்தான். இதை நானே முதல் தரம் கேக்கிறன். இவ்வளவு காலமும் நான் கேக்கேல்லை, அவரும் சொல்லேல்லை.

போறதெண்டு முடிவெடுத்திட்டம். நானும் போறன். பேர்ச்சாலையும் ஹெர்மிஸையும் மகன் வாசிக்கத் தொடங்கிட்டான். கன்னியா எழுதினதை நானே அவனுக்குச் சொன்னன். "அந்த இடம் எதெண்டு அவையிட்டைக் கேக்கலாமோ" எண்டான். கேக்க வேண்டாம் எண்டன். ஏன் வேண்டாம் எண்டு எனக்கு ஒழுங்காச் சொல்லத் தெரியேல்லை.

நாகை_கரையோரம்

அப்பா சொன்னதைத் தனி இழையாப் போடுங்க சகோதரி. வலியன்ற் கதையை நான் புத்தகத்தில்தான் படிச்சிருக்கேன். தண்ணீர் இறைக்கிற வரிசையை அந்தப் பட்டறைக்காரங்க எப்படிப் பேசிக்கிட்டாங்கன்னு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

கன்னியா

வதனி, மகன் கேட்டது சரியான கேள்வி. அங்கே நிற்கிற சிப்பாயிடம் கேட்டுப் பயனில்லை, அவனுக்கும் அது பாரம். ஐ.நா. அறிக்கை இணையத்தில் இருக்கிறது, அவனுக்கு வாசிக்கக் கொடுங்கள்.

இன்னொரு விடயம். டொக்யார்ட் வீதியில், தளத்துக்கு வெளியே, டச்சுக்காரர் காலத்து ஆணையாளர் மாளிகையைத் திருத்திக் கடல்சார் வரலாற்று அருங்காட்சியகம் ஒன்று 2013இல் திறந்தார்கள். கட்டடமே பார்க்க வேண்டியது, உயரமான தூண்கள், அகலமான விறாந்தை. அப்பாவுக்கு ஏறுவது சிரமமாக இருந்தால் அங்கே ஆறுதலாக உட்கார்ந்து பார்க்கலாம். பிறகு பிரட்றிக் கோட்டை வாசலுக்கு வாருங்கள். நிலைக்கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயலும் தமிழ்க் கல்வெட்டும் இருக்கின்றன, மகன் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். பலர் மான்களைப் படமெடுத்துவிட்டு அதைக் காணாமலே கோயிலுக்கு ஏறிவிடுகிறார்கள்.

நீங்கள் டொக்யார்ட்டுக்குள் போகிற நாள் முடிவானதும் தனிமடலில் அறிவியுங்கள். உள்ளே வரமாட்டேன். வெளியே வந்ததும் மாளிகையையும் கல்வெட்டையும் நான் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். அப்பாவோடு கதைக்கவும் விருப்பம். 1957இல் தளம் கைமாறின நாளைக் கண்ணால் கண்டவரிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.

உவர்மலைவாசி

ஆட்டோ வேண்டாம் அக்கா, என்ரை வானிலை வாறன். ஓகஸ்ட்டிலை கச்சான் காத்து உரமா அடிக்கும், மேட்டிலை அப்பாவுக்கு ஒரு தொப்பியும் சால்வையும் எடுத்து வையுங்கோ.